ஆயுள் தண்டனைக்குப் பிறகான 60 நாள்: நீலகிரிக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

உதகை அமர்வு நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் உறுதியானால், ஆளைக் கோவை மத்திய சிறைக்கு இறக்கிவிடுவார்கள். வாசலில் நிற்கும் உறவினர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி: "மேல்கோர்ட்டில் புதுச் சாட்சி கொண்டுவரலாமா சார்?" பொதுவாக முடியாது. கூடுதல் சாட்சியம் எடுக்க உயர் நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறதுதான். ஆனால் அது அரிது. அங்கே யாரும் கூண்டேற மாட்டார்கள். இரண்டு நீதிபதிகள், ஏற்கெனவே பதிவான காகிதங்களைப் படித்துத்தான் முடிவு சொல்வார்கள். ஆகவே ஆள் தேடி அலைவதைவிடக் காகிதம் சேர்ப்பதுதான் முதல் வேலை.

எந்த நீதிமன்றம் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. நீலகிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகும். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால், பழனிமலைக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அந்தக் கிளை 2004 ஜூலையிலிருந்து இயங்குகிறது.

மேல்முறையீடு செய்யக் காலக்கெடு, தண்டனை விதித்த நாளிலிருந்து 60 நாள். மரண தண்டனையானால் 30 நாள்தான். தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜனவரி 10 அன்று தீர்ப்பு என்றால், லீப் வருடம் இல்லாதபோது மார்ச் 11 கடைசி நாள். தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரை ஆன நாட்கள் கழிக்கப்படும். மனுவே போடாமல் இருந்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடாது. காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் புரட்டுவதிலேயே நான்கைந்து மாதம் போய்விடுகிறது என்பதுதான் உண்மை நிலவரம். அதற்குத் தேவையே இல்லை. சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்ணான 15100இல் கேட்கலாம். சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பவும் வழி உண்டு.

தீர்ப்பின் நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போகாதீர்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள், குறுக்கு விசாரணை, முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, தடய அறிவியல் அறிக்கை, குற்றவாளியிடம் நீதிபதி கேட்ட கேள்வி பதில்கள் ஆகியவை எல்லாம் வேண்டும். கீழ்க்கோர்ட்டு வக்கீலின் கட்டிலேயே பாதி இருக்கும். கட்டணப் பாக்கிக்காக மனஸ்தாபப்பட்டு அவரோடு பேச்சை முறித்துக்கொள்வது இந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியம்.

மேல்முறையீட்டு வக்கீல் முதலில் புரட்டுவது முதல் தகவல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை. அது குற்றவியல் நடுவர் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் குறித்திருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பதிவானது மறுநாள் மாலைதான் போனது என்றால், நடுவில் யோசித்து எழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் எழும். ஆனால் மலையில் இந்த வாதம் பாதிதான் பலிக்கும். ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது என்று காவல்துறை விளக்கம் கொடுத்து, அதை யாரும் குறுக்கு விசாரணையில் அசைக்கவில்லை என்றால் அந்தத் தாமதம் உங்களுக்குக் கைகொடுக்காது.

அடுத்தது வெளிச்சம். மாலை ஆறு மணிக்குத் தேயிலைக் காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடியில் நிற்பவர் முகம் தெரியாது. 'ஐம்பது அடி தூரத்திலிருந்து பார்த்தேன்' என்று சாட்சி சொல்லியிருப்பார். பார்வை மகஜரில் தெருவிளக்கே இருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் வாதம் நிற்கும். இறந்த நேரமும் அப்படியே. குளிரில் உடல் விறைப்பு மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும், அழுகலும் தாமதமாகும். சமவெளிக் கணக்கில் சொன்ன நேரம் இங்கே பிசகலாம். ஆனால் இதை டாக்டரிடம் விசாரணையின்போதே கேட்டிருக்க வேண்டும். மேல்கோர்ட்டில் புதிதாகச் சொன்னால் எடுபடுவது கடினம்.

நம் மாநில வழக்குகளில் அடிக்கடி வரும் ஒன்று, குற்றவாளி தானே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டார் என்பது. வி.ஏ.ஓ. போலீஸ் அல்ல, அதனால் சட்டத் தடை இல்லை. முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் மனம் திறக்க என்ன காரணம் என்று நீதிபதிகள் கேட்பார்கள். நேரில் பார்த்தவரே இல்லாத வழக்கென்றால், 1984இல் உச்ச நீதிமன்றம் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் சூழ்நிலைச் சாட்சியத்துக்குச் சொன்ன ஐந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சந்தேகத்தின் பலன் கிடைக்கும்.

முழு விடுதலைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் ஒரு வழியைத் தவறவிடுகிறார்கள். லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடித்துவிட்டு வாய்த்தகராறு, கையில் இருந்த செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் ஒரே வெட்டு என்றால், முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை என்று வாதாடி, கொலை அல்லாத மரணம் விளைவித்தலாகக் குறைக்கச் சொல்லலாம். இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 304 இரண்டாம் பகுதியில் சிறை அதிகபட்சம் 10 வருடம். எத்தனை காயம், எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதைப் பிரேதப் பரிசோதனைச் சான்றுதான் சொல்லும். கொலைக்கான பிரிவு, 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய ஐ.பி.சி. 302, அன்று முதல் நடந்ததற்குப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 103.

மேல்முறையீடு விசாரணைக்கு வர வருடக்கணக்கில் ஆகலாம். அதனால் அதுவரை ஆளை வெளியே விடும்படி, கூடவே தண்டனை நிறுத்தி வைப்பு மனுவும் போட வேண்டும். இது சாதாரண ஜாமீன் போல இல்லை. குற்றம் நிரூபணமான ஆளாகத்தான் நீதிமன்றம் பார்க்கும், அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபணை சொல்ல வாய்ப்பும் தரும். தீர்ப்பில் கண்ணுக்கு நேராகத் தெரியும் ஓட்டை இருந்தால்தான் பலிக்கும்.

உத்தரவு கிடைத்த பிறகு தடுக்கி விழுவது ஜாமீன்தாரரிடம். இரண்டு பேர், சொத்து மதிப்புச் சான்று என்று கேட்பார்கள். எஸ்டேட் லயத்தில் குடியிருப்பவருக்கு வீடு கம்பெனியுடையது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலத்தில் தலைமுறையாக இருந்தாலும் பட்டா இல்லை. சான்று எங்கிருந்து வரும்? அப்படிப்பட்டவர் நிபந்தனையைத் தளர்த்தும்படி உத்தரவிட்ட நீதிமன்றத்தையே கேட்க வேண்டும். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலில், உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அது தண்டனைக் கைதிகளுக்கும் சேர்த்துத்தான்.