குலைச் சாம்பலும் நிலக்கரிப் புகையும்

மலேசியாவின் காப்பார் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குலைச் சாம்பல் நினைவிருக்கும். காய் உதிர்த்த வெறுங்குலைகளை ஆலைச் சூளையில் போட்டு எரித்த காலம் அது. என் பாட்டி அந்தச் சாம்பலில் ஒரு பிடி எடுத்து எண்ணெய்ச் சட்டியைத் துலக்குவார். கை வழவழவென்று ஆகும், சற்று நேரத்தில் எரியவும் தொடங்கும். காரணம், சாம்பலில் மண்டிக்கிடக்கும் பொட்டாசியம். நிலக்கரியையும் தாவரக் கழிவையும் ஒரே உலையில் எரித்தால் புகைபோக்கி வழியாக என்ன வரும் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஒரு பிடியில் இருக்கிறது.

காப்பார் கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையம் உண்டு. ஊரைச் சுற்றிச் செம்பனை. கப்பலில் வரும் நிலக்கரியைக் கொஞ்சம் குறைத்து, உள்ளூரில் கிடைக்கும் செம்பனைக் கொட்டை ஓட்டைச் சேர்த்து எரிக்கலாமே என்ற யோசனை நாட்டில் வலுத்துவருகிறது. 2023இல் அரசு வெளியிட்ட ஆற்றல் மாற்றத் திட்டத்தில் ஜொகூரின் தஞ்சோங் பின் மின்நிலையம் இதற்காக இடம்பெற்றது. மரம் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுதான் திரும்பக் காற்றுக்குப் போகிறது என்பதால் அந்தக் கணக்கில் லாபம். சரி, நம் நெஞ்சுக்குள் போகும் மற்றவை?

நிலக்கரியில் அதன் வகையைப் பொறுத்து 3 சதவீதம் வரைகூடக் கந்தகம் இருக்கும். ஓட்டில் மிகக் குறைவு. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தை ஓடு தந்தால், கந்தக டைஆக்சைடும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். ஆனால் அதைவிடக் கூடுதலாகவே குறைவதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மிச்சக் கந்தகம் எங்கே போனது?

பொட்டாசியத்திடம்தான். தாவரத்திலுள்ள பொட்டாசியம் உலைச் சூட்டில் குளோரினோடு சேர்ந்து பொட்டாசியம் குளோரைடு ஆவியாகிறது. தாவரத்தை மட்டும் எரித்தால் அந்த ஆவி, சூடு குறையும் இடத்தில் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளாக உறைகிறது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். எனவே இந்தத் துகள் நுரையீரலின் அடிவரை போய்விடும். பாய்லர் குழாய்களில் படிந்தால் அதிலுள்ள குளோரின் இரும்பையும் அரிக்கும். நிலக்கரியும் கூட எரியும்போது, கந்தகம் பொட்டாசியத்தைப் பிடித்துச் சல்பேட்டாக்கிவிடுகிறது. நிலக்கரிச் சாம்பலில் உள்ள களிமண்ணும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ள, அது பெரிய துகளோடு ஒட்டி, புகையிலுள்ள தூசை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் மின்வடிகட்டியில் சிக்குகிறது. ஒன்றின் கேட்டை மற்றொன்று தணிக்கும் இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பிரிந்த குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்புகிறது. அதைக் கழுவி எடுக்கும் கருவி இல்லாவிட்டால் அது ஊருக்குத்தான் வரும்.

நைட்ரஜன் ஆக்சைடுகளின் கதை அவ்வளவு நேரானதல்ல. ஓடு சூடானதும் அதன் பெரும்பகுதி வாயுவாகிப் பர்னர் வாயிலேயே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் எரிபொருளிலுள்ள நைட்ரஜன், ஆக்சைடாக மாறாமல் தீங்கற்ற வாயுவாகவே தப்பிக்கலாம். காற்றைப் படிப்படியாக விட்டால்தான் இது நடக்கும்.

அப்புறம் ஈரம். ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதி ஊதிக் கண் கலங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலை 100 கிலோவில் 60 கிலோவுக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே போட்டால் தீ தணிந்து, கார்பன் மோனாக்சைடும் கரியும் புற்றுநோய் தரக்கூடிய தார்ப் பொருள்களும் முழுதாக எரியாமல் வெளியே வரும். காய்ந்த ஓட்டில் அந்தத் தொல்லை குறைவு, பொட்டாசியமும் கம்மி.

ஆகவே ஓட்டை உலைக்குக் கொடுக்கலாம்; குலையைக் கொடுக்கக் கூடாது என்பேன். தோட்டத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் சிவப்பு உப்பு உரமும் இதே பொட்டாசியம் குளோரைடுதான். குலையை மரங்களுக்கு இடையே பரப்பிவிட்டால், மழை அதிலுள்ள பொட்டாசியத்தைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோகும். அந்த மூட்டைகளிலும் சில குறையும்.