ஸ்ப்லைன்: சிம்பு வளைவரை

வளைந்த பரப்புகளைக் கணினிக்குச் சொல்லித்தரும் கணிதத்தில் அடிக்கடி வரும் சொல் ஸ்ப்லைன். பலர் இதை 'வளைகோடு' என்றே பெயர்த்துவிடுகிறார்கள். அது போதாது, வட்டமும் வளைகோடுதானே.

ஸ்ப்லைன் முதலில் ஒரு மரக்கீற்று. கப்பல் கட்டுமிடங்களில், முழு அளவு வரைபடத்தின் மேல் நீண்ட மெல்லிய கீற்றை வளைத்து, வேண்டிய இடங்களில் ஈயக் குண்டுகளை வைத்து நிறுத்துவார்கள். இடையில் அது ஆகக் குறைந்த ஆற்றலில் தானே படியும். வளைவு சிறிதானால் ஒவ்வோர் இடைவெளியிலும் அதன் வடிவம் ஒரு முப்படிக் கோவை, அதாவது x³ வரை போகும் கோவை. குண்டு உள்ள இடத்திலும் சாய்வு முறியாது. 1946இல் கணிதவியலர் ஐசக் ஷோன்பெர்க், துண்டு துண்டாக இணைந்த இத்தகைய கோவைகளுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்.

தமிழில் இதற்குச் சிம்பு பொருந்தும். மூங்கிலைப் பிளந்தெடுத்த கீற்றும், முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் கீற்றும் சிம்புதான். ஆகவே சிம்பு வளைவரை, சிம்புப் பரப்பு.

கோட்டிலிருந்து பரப்புக்குப் போகும் வழியைக் கார் நிறுவனங்கள் திறந்தன: சித்ரோயனில் தெ காஸ்தெல்ழோ, ரெனோவில் பெசியே. பெசியே முறையில் ஒரு முப்படிக் கோட்டுக்கு 4 கட்டுப்பாட்டுப் புள்ளிகள். கோடு முனைப்புள்ளிகளைத் தொடும். நடுவிலுள்ள இரண்டும் அதை இழுக்கும், தொடா. பாதி வழியில் நான்கு புள்ளிகளின் எடைகள், அதாவது கோட்டின் இடத்தைத் தீர்மானிப்பதில் அவற்றின் பங்குகள், 1/8, 3/8, 3/8, 1/8. பரப்புக்கு 4×4, ஆக 16 புள்ளிகள். நான்கு வரிசையிலும் ஒவ்வொரு புள்ளி கண்டு, அந்த நான்கைக் கொண்டு மறுதிசையில் ஒருமுறை கணக்கிட்டால் பரப்பின் புள்ளி கிடைத்துவிடும். 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் கணினியில் உருவாக்கிய தேநீர்க் கெண்டி வடிவம் இப்படிப்பட்ட துண்டுகளால் ஆனது. இத்துண்டை, அதாவது பேட்ச் என்பதை, 'ஒட்டு' என்பது தவறு. இங்கே அடைக்க ஓட்டை இல்லை. பரப்புத்துண்டு என்பதே சரி.

தொல்லை இணைப்பில்தான். இரு துண்டுகள் ஓரத்தின் 4 புள்ளிகளைப் பகிர்ந்தால் இடைவெளி வராது, ஆனால் மடிப்புத் தெரியும். மடிப்பு மறைய, ஒவ்வோர் ஓரப்புள்ளியும் அதன் இருபக்க அண்டைப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில், ஓரம் முழுதும் ஒரே விகிதத்தில் அமைய வேண்டும். கெண்டி மூடியின் குமிழ் உச்சியில் இன்னொரு சிக்கல்: அங்கே துண்டின் ஓரம் முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்குவதால் ஒரு திசையின் சாய்வு சுழியாகும், செங்கோட்டுத் திசை, அதாவது பரப்புக்குச் செங்குத்தான திசை, கிடைக்காமல் ஒளியூட்டும்போது கரும்புள்ளி விழும். ஓரத்துக்குச் சற்று உள்ளே செங்கோட்டைக் கணித்து உச்சிக்கும் அதையே வைத்தால் அது மறையும்.