அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் இன்னொரு ஹெட்

1951-இல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட பாட்டு ‘ஹவ் ஹை த மூன்’. கிதார் லெஸ் பால், குரல் அவர் மனைவி மேரி ஃபோர்ட். பில்போர்ட் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. கேட்டால் நாலைந்து பெண்கள் சேர்ந்து பாட, பின்னால் ஒரு கிதார் பட்டாளமே வாசிப்பது போல இருக்கும். ஆனால் பாடியவரும் ஒருவர்தான், கிதார் வாசித்தவரும் ஒருவர்தான்.

இதைப் புரிந்துகொள்ள டேப் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு தூள் பூசியிருக்கும். நாடா உரசிப் போகும் சின்னக் காந்தத் துண்டுக்கு ‘ஹெட்’ என்று பெயர். மைக்கிலிருந்து வரும் மின்சாரம், பதியும் ஹெட்டில் காந்தப்புலமாக ஏறி இறங்கும். நாடா அதை உரசிப் போகும்போது அந்த ஏற்ற இறக்கம் தூளில் தங்கிவிடும். படிக்கும் ஹெட் இதையே தலைகீழாகச் செய்யும். ஸ்டுடியோ இயந்திரங்களில் நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். அதாவது ஒரு நொடிப் பாட்டு என்பது 15 அங்குல நாடா. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஹெட்டுகளின் வரிசை இப்படி: முதலில் அழிப்பது, அடுத்து பதிவது, கடைசியில் படிப்பது. பழையதை அழித்த பிறகுதான் புதியதைப் பதிய முடியும் என்பதால் இந்த ஏற்பாடு. சின்ன வயதில் அப்பாவின் கேசட்டில் சிவப்புப் பட்டனைத் தெரியாமல் அழுத்தி, சீர்காழி பாட்டின் நடுவே என் இருமலைப் பதிந்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைய குற்றவாளி அந்த அழிக்கும் ஹெட்தான்.

1949 வாக்கில் பாடகர் பிங் கிராஸ்பி, லெஸ் பாலுக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்தைப் பரிசாகக் கொடுத்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு படிக்கும் ஹெட்டை, அழிக்கும் ஹெட்டுக்கும் முன்னால் பொருத்தினார். அவ்வளவுதான் விஷயம். ஏற்கெனவே பதிந்த கிதாரை நாடா அழிவதற்கு முன்பே அந்த ஹெட் படித்துவிடும். அது ஹெட்போனுக்குப் போகும். மேரி அதைக் கேட்டபடி பாடுவார். பழைய கிதாரும் புதுக் குரலும் கலந்து, அப்போதுதான் அழிக்கப்பட்ட அதே நாடாவில் பதியும். பிறகு நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றி, அடுத்த குரலையோ கிதாரையோ இதே போல மேலே சேர்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு நாடாவின் ஆரம்பப் பக்கமாகச் சில அங்குலம் நகர்ந்துவிடும். பழையதும் புதியதும் சேர்ந்தே நகர்வதால் காதுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் இது கயிற்றின் மேல் நடக்கிற வேலை. முந்தைய சுற்று அழிந்தே போய்விடும். பத்தாவது சுற்றில் ஒரு தும்மல் வந்தால், அப்புறம் முதல் கிதாரிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதோடு, படித்துப் படித்துத் திரும்பப் பதியும்போது ‘உஸ்’ என்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது போல மேல் சுரங்களின் கூர்மை மங்கும். அதனால் லெஸ் பால் வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். பின்னணியில் கிடக்க வேண்டியவை முதலில், முன்னே நிற்க வேண்டிய குரலும் கிதாரும் கடைசியில். தேய வேண்டியது தேயட்டும் என்ற கணக்கு. எனக்கு அந்த ஹெட்டை விட இந்த யோசனைதான் பெரிதாகத் தெரிகிறது.

1957-இல் ஆம்பெக்ஸ் அவருக்கு எட்டு ட்ராக் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தது. ஓர் அங்குல அகல நாடா, அதில் எட்டுத் தனித்தனிப் பாதைகள், விலை சுமார் 10,000 டாலர். ஒரு பாதையை அழித்தாலும் மற்ற ஏழும் அப்படியே இருக்கும். சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, புதிதாக ஒன்று முளைத்தது. இப்போது பழைய பாதைகள் திரும்பப் பதியப்படுவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பாடகர் கேட்பது படிக்கும் ஹெட்டிலிருந்து. அவர் குரல் விழுவதோ அதற்கு முந்தைய பதியும் ஹெட்டில். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 15 அங்குலம் என்றால் பத்தில் ஒரு நொடி பிசகு. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் பாட்டில் இது ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு. தாளம் தெரியாதவர்கூட முகம் சுளிப்பார்.

ஹெட் என்பது அடிப்படையில் ஒரு கம்பிச்சுருள், ஓர் இரும்புத் துண்டு, நடுவில் மெல்லிய இடைவெளி. அதற்குப் பதியவும் தெரியும், படிக்கவும் தெரியும். ஆகவே பாடகருக்குப் பழைய பாதைகளைப் பதியும் ஹெட்டிலிருந்தே போட்டுக் காட்டினார்கள். எட்டுப் பாதைகளும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் தூரம் பூஜ்யம், பிசகும் பூஜ்யம். பதியும் ஹெட்டின் இடைவெளி சற்று அகலம். அதனால் அதில் கேட்கிற ஒலி மேல் சுரங்கள் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அது பாடுகிறவரின் ஹெட்போனுக்கு மட்டும். பாட்டு முழுதும் முடிந்து கலவை செய்யும்போது எட்டுப் பாதைகளையும் படிக்கும் ஹெட்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.