அந்த சிவப்பு எப்படி உள்ளேருந்து ஒளிருது?

வாஷிங்டன்ல, பெண் கலைஞர்களுக்கான தேசிய மியூசியத்துல, லவினியா ஃபொன்டானா 1580 வாக்குல வரைஞ்ச ஒரு படம் இருக்கு. பேரே 'ஒரு சீமாட்டியின் உருவப்படம்'னுதான். இத்தாலியில பொலோன்யா ஊர் பெரிய வீட்டுப் பொண்ணு, சிவப்பு கவுன், உடம்பெல்லாம் நகை, கைப்பக்கம் ஒரு குட்டி நாய். அந்த ஊர்ல அப்ப கல்யாணப் பொண்ணு உடுத்துற கலர் சிவப்புதான். எனக்கு அந்த சிவப்ப விட்டு கண்ணு நகர மாட்டேங்குது, மேல பூசின மாதிரியே இல்ல, துணிக்குள்ள விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு.

பஜ்ஜி வெச்ச பேப்பர பாத்திருப்பீங்க, எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆயிடும். பேப்பர் நாருக்கு நடுவுல காத்து இருக்கிற வரைக்கும் வெளிச்சம் நாருல பட்டுப் பட்டு சிதறுது, அதான் வெள்ளையா தெரியுது. காத்து இருந்த இடத்துல எண்ணெய் புகுந்ததும், நாரும் எண்ணெயும் வெளிச்சத்த கிட்டத்தட்ட ஒரே அளவு வளைக்கிறதால சிதறல் குறைஞ்சு வெளிச்சம் நேரா உள்ள போயிடுது.

அந்தக் காலத்து ஆயில் பெயிண்டருங்க சிவப்புத் துணிக்கு இதைத்தான் பயன்படுத்தினாங்க. கோச்சினீல், கெர்மெஸ் மாதிரி பூச்சியிலேருந்து சாயம் எடுத்து படிகாரம் சேத்து தூளாக்குவாங்க. இதுக்கு இத்தாலியில 'லாக்கா'ன்னு பேரு, அந்தப் பேரு இந்தியாவுலேருந்து அங்க போன அரக்குலேருந்து வந்தது, நாம அரக்கு கலர் பட்டுன்னு சொல்றோமே அதே அரக்குதான். இந்தத் தூள எண்ணெயில குழைச்சா பஜ்ஜி பேப்பர் கதைதான், சிவப்புக் கண்ணாடி மாதிரி ஆயிடும். ஆனா ஈயத்துலேருந்து செய்யற வெள்ளைத் தூள், ஈயவெள்ளை, அப்படி ஆகாது, அதோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்த எவ்வளவு வளைக்குதுன்னு சொல்ற அளவு) 2 கிட்ட, எண்ணெய்க்கு சுமார் 1.5 தான், அதனால எண்ணெய்க்குள்ள போயும் வெளிச்சத்த திருப்பி அடிச்சுக்கிட்டே இருக்கும்.

அப்ப அடியில ஈயவெள்ளை மாதிரி வெளிச்சத்த திருப்பி அனுப்புற ஒரு லேயர், மேல மெல்லிசா கண்ணாடிச் சிவப்பு. வெளிச்சம் சிவப்பு வழியா உள்ள போயி, அடியில பட்டு, மறுபடி அதே சிவப்பு வழியா நம்ம கண்ணுக்கு வருது, ரெண்டு தடவை வடிகட்டின சிவப்பு அது. துணி மடிப்புல லேயர கனமா போட்டா கருஞ்சிவப்பு, மேடான இடத்துல மெல்லிசா விட்டா பளபளப்பு. கறுப்பு கலந்து நிழல் போட்டிருந்தா இந்த உயிர் வராது.

இதுக்கெல்லாம் பொறுமை வேணும். ஒரு லேயர் காஞ்சாதான் அடுத்தது போட முடியும், தூள குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகி காயறதில்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜன இழுத்து அதோட மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு வலை மாதிரி கெட்டியாகுது, நாள் கணக்குல ஆகும். தேங்காண்ணெய்க்கு அந்த குணமே கிடையாது, எத்தன நாள் விட்டாலும் பிசுபிசுன்னுதான் கிடக்கும். லவினியா இந்தத் தொழில அப்பா ப்ராஸ்பெரோகிட்டதான் கத்துக்கிட்டாங்க, அவரும் ஓவியர். 11 பிள்ளைங்க பெத்தும் கடைசிவரை படம் வரைஞ்சு சம்பாதிச்சாங்க, அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை.

இந்தப் பூச்சிச் சாயத்துக்கு எதிரி வெளிச்சமேதான், பட்டுப் பட்டு சாயம் உடைஞ்சு வெளுக்கும், அதுவும் மெல்லிசா பூசின இடம்தான் முதல்ல. பழைய படங்கள்ல மடிப்போட ஆழத்துல மட்டும் நல்ல சிவப்பு நிக்குதுன்னா, அங்க சாயம் கனமா இருக்கு, மேல இருக்கிறது வெளுத்தாலும் அடியில இன்னும் மிச்சம் இருக்கு.