ஆக்சிஜனேற்ற அயர்ச்சி: காறிய தவிடு சொல்லும் பொருள்

ஒரத்தநாட்டுப் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் ஒருவர் உயிர்ச்சத்துக் கலவைப் பொட்டலத்தைக் காட்டி, "ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று போட்டிருக்கிறதே, கோழிக்கும் ரத்தக் கொதிப்பு வருமா?" என்று கேட்டார். ரத்தம், காற்று, மனம் என எல்லாவற்றுக்கும் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்லை மாட்டினால் அப்படித்தான் கேட்பார்கள்.

'ஸ்ட்ரெஸ்' என்பதன் இலத்தீன் வேர் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும். 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற தொடரை 1985இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் வரையறுத்தார்: உடலில் ஆக்சிஜனேற்றும் பொருள்களின் கை ஓங்கி, அவற்றைத் தடுக்கும் பொருள்கள் போதாமல் போகும் நிலை. தமிழில் 'அயர்ச்சி' பொருந்துகிறது. வெப்ப அயர்ச்சி என்பது கால்நடைத் துறையில் முன்பே புழங்குவதுதான். 'அயற்சி' என்று எழுதுவது பிழை. தளர், தளர்ச்சி போல அயர், அயர்ச்சி.

ஆனால் டெல்டாக்காரருக்கு இதைவிட நெருக்கமான சொல் உண்டு: காறல். மில்லிலிருந்து வந்த தவிடு சில நாளில் காறல் வாடை அடிக்கிறதல்லவா? தவிட்டின் கொழுப்பு சிதைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. கோழியின் செல் சவ்விலும் கொழுப்பு உண்டு. வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை கத்திரி வெயிலில் வாய் பிளந்து இரைக்கும்போது, அந்தக் கொழுப்பும் ஏறக்குறைய அப்படியே காறுகிறது.

தடுப்பது வைட்டமின் ஈ. சவ்வில் உட்கார்ந்து தானே முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கொழுப்பைக் காக்கும். செலவான அதை வைட்டமின் சி மீட்டுத் தரும். சி சத்தைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும், கடும் வெப்பத்தில் அது போதாது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் கறிக்கோழிக்குச் சொன்ன ஈ சத்து கிலோ தீவனத்துக்கு 10 சர்வதேச அலகு, ஏறக்குறைய 10 மில்லிகிராம். வெப்பக்கால ஆய்வுகளில் 250 மில்லிகிராம் வரை சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

வைட்டமின் என்ற பெயரை 1912இல் போலந்து உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் உருவாக்கினார். இலத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர். 'உயிர்ச்சத்து' என்பது அதற்கு நேரான தமிழ். ஆக்சிஜனுக்கு நாம் வைத்த பெயரோ உயிர்வளி. உயிர்வளி கெடுக்க உயிர்ச்சத்து காக்கிறது என்று எழுத நேர்வது தமிழில் வாய்த்த வேடிக்கை! அந்தச் சத்துக்குத் தடம் காட்டியவையும் கோழிகளே. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்று கால் மடங்கிய கோழிகள் தவிடு கொடுத்ததும் எழுந்ததை டச்சு மருத்துவர் ஐக்மன் கண்டார். 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தவிடு புதிதாக இருக்க வேண்டும். காறிய தவிட்டோடு கலந்தால் ஈ சத்தின் ஒரு பகுதி கோழியின் வயிற்றுக்குப் போகுமுன் மூட்டையிலேயே வீணாகலாம். இதைச் சொன்னதும் அவர் பொட்டலத்தை வைத்துவிட்டு, கொட்டகை மூலையிலிருந்த தவிட்டு மூட்டையை முகர்ந்து பார்க்கப் போனார்.