பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு? தென்னாப்பிரிக்காவின் பெற்றோர் விடுப்பு

தென்னாப்பிரிக்காவில் 2019 கடைசி வரைக்கும் மனைவிக்குப் பிரசவம் என்றால் கணவனுக்குச் சட்டம் கொடுத்தது மூன்று நாள். அதுவும் பிரசவத்துக்கென்று தனியாக இல்லை. குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், குழந்தை பிறந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு அந்த மூன்று நாள்தான். மார்ச் மாதம் அம்மா தவறிப்போய் அதில் மூன்று நாளும் தீர்ந்துவிட்டால், ஜூனில் பிள்ளை பிறக்கும்போது மேனேஜரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

2014-ல் ஒரு அப்பா இதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு செரிலின் டட்லி என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது 2018-ல் சட்டமாகி 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பத்து நாள் பெற்றோர் விடுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பத்தும் தொடர்ச்சியான நாட்கள், சனி ஞாயிறும் அதில் சேர்த்தி. வியாழக்கிழமை குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். அன்றைக்கே எண்ண ஆரம்பித்தால் அடுத்த வாரச் சனிக்கிழமையோடு பத்து முடிந்துவிடும், நடுவில் வேலை நாள் என்று பார்த்தால் ஏழுதான். சிசேரியன் என்றால் முதல் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். மிச்ச நாளில் பிள்ளையைக் குளிப்பாட்டப் பழகுவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

அம்மாவுக்கு நான்கு மாதம், அப்பாவுக்குப் பத்து நாள். இதை எதிர்த்துத்தான் ஒரு தம்பதி கோர்ட்டுக்குப் போனார்கள். மனைவி சொந்தமாகத் தொழில் நடத்துபவர், தொழிலை விட்டுவிட்டு நான்கு மாதம் வீட்டில் உட்கார முடியாது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணவர் சொன்னார், அவர் வேலை பார்த்த இடத்தில் சட்டப்படி உங்களுக்குப் பத்து நாள்தான் என்றார்கள். 2023 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தம்பதி பக்கம் நின்றது. 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது: பிள்ளையைப் பார்ப்பது அம்மாவின் வேலை, அப்பா சும்மா எட்டிப்பார்க்கிறவர் என்று சட்டமே முடிவு கட்டுவது பாகுபாடு, இரண்டு பேருடைய கண்ணியத்தையும் அது குறைக்கிறது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை, இடைக்கால ஏற்பாடு ஒன்றையும் நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

அது இப்படி. இரண்டு பேரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் என்றால், மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும் அவர்களுக்குப் பொது. தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், ஒருவர் முடித்த பிறகு மற்றவர் எடுக்கலாம், கொஞ்ச நாள் சேர்ந்தும் கொஞ்ச நாள் தனித்தனியாகவும் எடுக்கலாம். பேச்சு ஒத்துவரவில்லை என்றால் கூடியவரை சரிபாதி. ஒருவர் மட்டும்தான் வேலை பார்க்கிறார், அல்லது தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர் என்றால் அவருக்கு நான்கு மாதம். கவனியுங்கள், மனைவி வீட்டோடு இருக்கிறவர், கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார் என்றாலும் அந்த நான்கு மாதத்தை அவர் கேட்கலாம். பல பேருக்கு இது இன்னும் தெரியாது.

ஆனால் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பெற்ற தாய்க்குப் பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்னாலிருந்தே விடுப்பு எடுக்க உரிமை உண்டு, பிரசவம் ஆன பிறகு ஆறு வாரம் (டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய) வேலை செய்யவே கூடாது. முன்னால் உள்ள நான்கு வாரத்தையும் எடுத்தால், அந்தப் பத்து வாரமும் இதே பொதுக் கணக்கிலிருந்துதான் கழியும். நான்கு மாதம் பத்து நாள் என்பது ஏறக்குறைய 131 நாள், அதில் 70 போனால் மிச்சம் இரண்டு மாதம். உண்மையில் பேசிப் பிரிக்க இருப்பது இந்த இரண்டு மாதம்தான். அதாவது அப்பாவுக்கென்று புதிதாக எதுவும் கூட்டித் தரவில்லை, ஒரே பானையில் இரண்டு கரண்டி போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பத்து வருடமாகப் பேசி வாங்கியதற்கு அப்பாவுக்கென்று தனியாக ஒரு மாதமாவது ஒதுக்கியிருக்கலாம், அதை நாடாளுமன்றம் செய்யுமா என்று பார்க்க வேண்டும்.

சரி, சம்பளம்? இங்கேதான் உதைக்கிறது. இந்த விடுப்பு எதற்கும் முதலாளி சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தருகிற கம்பெனிகள் உண்டு, அது அவரவர் ஒப்பந்தம். மற்றவர்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டு நிதி, அங்கே எல்லோரும் யூ.ஐ.எஃப். என்பார்கள். சம்பளத்தில் மாதம் 1 சதவீதம் பிடித்து, முதலாளி இன்னொரு 1 சதவீதம் போட்டுக் கட்டுகிற நிதி அது. குறைந்தது 13 வாரம் கட்டியிருந்தால் பெற்றோர் விடுப்புக்கு அதிலிருந்து சம்பளத்தில் 66 சதவீதம் கிடைக்கும், 17,712 ராண்ட் மாதச் சம்பளம் வரைக்கும்தான் கணக்கு. மாதம் 12,000 ராண்ட் வாங்குகிறவருக்கு நாளைக்குச் சுமார் 394 ராண்ட், அதில் 66 சதவீதம் 260, பத்து நாளைக்கு 2,600 சொச்சம். உச்சவரம்புச் சம்பளக்காரருக்கே பத்து நாளைக்கு 3,800 சொச்சம்தான்.

ஏன் பத்து நாளைக்கு மட்டும் கணக்குப் போடுகிறேன் என்றால், யூ.ஐ.எஃப். சட்டத்தில் இருந்த பாகுபாட்டையும் செல்லாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதற்கு இடைக்கால ஏற்பாடு எதுவும் எழுதவில்லை. நாடாளுமன்றம் திருத்தும் வரை பழைய சட்டம் அப்படியே ஓடுகிறது. அம்மாவுக்குப் பேறுகாலத் தொகை 17 வாரத்துக்கு மேல், அப்பாவுக்குப் பத்து நாள். ஆக, விடுப்பு இரண்டு மாதம் எடுக்கலாம், அதில் பத்து நாள் போக மிச்சத்துக்குக் கையில் ஒரு ராண்ட் வராது. வாடகை, டாக்சிக் காசு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று வைத்துப் பார்க்கிற ஒரு குடும்பம் என்ன முடிவு எடுக்கும்? அம்மாவே நான்கு மாதமும் எடுக்கட்டும் என்றுதான் எடுக்கும். அப்படி எடுத்த குடும்பத்தில் போய் அப்பாவுக்குப் பொறுப்பில்லை என்று யாரும் பேசக்கூடாது. சில்லறை வியாபாரம், கூலி வேலை என்று பதிவே இல்லாமல் பிழைக்கிறவர்களுக்கு இந்த நிதியில் எதுவுமே கிடையாது, அது வேறு கதை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அந்த நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்வதில்லை. ஆண்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளின் குடும்பம் நகரத்துக்கு வரக்கூடாது என்று வெள்ளையர் ஆட்சியில் பல தலைமுறையாக வைத்திருந்தார்கள். கருப்பின மக்கள் நகரத்தில் இருக்க அனுமதிச் சீட்டு கேட்கிற பாஸ் சட்டம் 1986 வரை இருந்தது. அப்பா ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆண்கள் விடுதியில் கிடப்பார், பிள்ளைகள் அவர் முகத்தைக் கிறிஸ்துமஸுக்குப் பார்க்கும். அந்தப் பழக்கம் சட்டம் போன பிறகும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, கல்யாணம் ஆகாமலே பிறக்கும் பிள்ளைகளும் நிறைய. ஆகவே விடுப்பு கேட்கப் போகும் முன், நான்தான் அப்பா என்பதைக் காகிதத்தில் நிறுத்த வேண்டும்.

கல்யாணம் ஆகாத அப்பாவுக்கு 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது தாயோடு குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்தவர் என்றால் உரிமையும் பொறுப்பும் தானாக வந்துவிடும். சேர்ந்து வாழவில்லை என்றால் மூன்று காரியம் சேர வேண்டும்: அப்பா என்று ஒப்புக்கொள்வது, வளர்ப்பில் பங்கெடுப்பது, செலவுக்குக் கொடுப்பது. கடைசி இரண்டிலும் உண்மையாக முயன்றிருந்தாலே போதும். இதில் முதல் காரியத்துக்கு ஈடாக வழக்கப்படி அபராதம் கட்டியதையும் சட்டம் ஏற்கிறது. இது ஜூலு மொழியில் இன்ஹ்லாவுலோ. பையன் வீட்டிலிருந்து பெரியவர்கள் பெண் வீட்டுக்குப் போய், ஆமாம் எங்கள் பிள்ளைதான் என்று ஒப்புக்கொண்டு, மாடோ மாட்டுக்கு ஈடான பணமோ கொடுப்பது. கொடுக்காதவரைப் பெண் வீட்டார் வாசலில் ஏற்ற மாட்டார்கள். வேலை இல்லாத பையன்கள் பலர் பிள்ளையைவிட்டு விலகிப்போவது இந்த இடத்தில்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, சட்டத்துக்கு அந்த அபராதம் கட்டாயம் இல்லை, அது பல வழியில் ஒன்று. தகராறு என்றால் சமூகப் பணியாளரோ அரசின் குடும்ப வழக்கறிஞர் அலுவலகமோ நடுவில் உட்கார்ந்து பேசலாம்.

பிறப்புப் பதிவை 30 நாளுக்குள் செய்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. முன்பு கல்யாணம் ஆகாத அப்பா தனியாகப் போனால் அவர் பெயரில் பிள்ளையைப் பதிய மாட்டார்கள். ராணுவத்தில் இருந்த ஒருவர், துணைவியார் காங்கோ நாட்டவர், விசா காலாவதி ஆகிவிட்டது என்பதால் பிள்ளைக்குச் சான்றிதழே வாங்க முடியாமல் அலைந்தார். அவரிடமிருந்து தொடங்கிய வழக்கில் 2021 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடித்துவிட்டது. இப்போது கவுண்டரில் பழைய பாட்டைப் பாடினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலையிடத்துக்குக் கடிதம். வாயால் சொன்னால் ஆகாது, எழுத்தில், பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது (அம்மா பிரசவத்துக்கு முன்பே விடுப்பில் போகிறார் என்றால் அது தொடங்க நான்கு வாரம் முன்பாவது), இரண்டு பேருடைய முதலாளிக்கும். டாக்டர் குறித்த தேதி, யார் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எடுக்கிறீர்கள், இது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, இவ்வளவு இருந்தால் போதும், இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு நகலில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். யூ.ஐ.எஃப். பணத்துக்கு முதலாளி தரும் யூஐ-19 படிவம், வங்கிக் கணக்குக்கு யூஐ-2.8, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வேண்டும், தொழிலாளர் துறை அலுவலகத்தில் வரிசையில் நிற்பதைவிட யூஃபைலிங் என்ற யூ.ஐ.எஃப். இணையத் தளத்தில் போடுவது மேல். யூஐ-19 தர முதலாளி இழுத்தடித்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.