லேப்டாப் மாற்றும் முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் குமுளியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு வருடத்தில் இரண்டு சீசன். ஆவணி பிறந்தால் ஓணம் ஆஃபர், ஐப்பசி வந்தால் தீபாவளி ஆஃபர். இந்தச் சமயத்தில் கடைக்கு வருகிறவர்கள், கம்பம் கூடலூர்க்காரர்களானாலும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களில் இருந்து வருகிறவர்களானாலும், ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, இப்பவே புதுசு வாங்கிரலாமா, இல்ல அடுத்த மாடல் வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

பழைய லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை என்பது அதைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

தோட்டக் கணக்குப்பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஐ5 எட்டாம் ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். டேலி, கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி, நடுவில் போடி, புற்றடி ஏல விலை பார்க்க ஏழெட்டு டேப். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் ஸ்கிரீன் வரும். "ப்ராசஸர் பழசாயிருச்சு, ஏஐ லேப்டாப் வாங்கணும்னு பையன் சொல்றான்" என்பார் அவர். லேப்டாப்பில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுவேன். ப்ராசஸர் 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும்.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சின்னத் தகவலுக்கும் ஊசி போன்ற ஒரு கை இடம் மாறிப் போய்ப் படிக்க வேண்டும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பதில் அந்தக் கையால் நொடிக்கு நூறு முறை வரைக்கும்தான் ஓட முடியும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி, தகவலைச் சிப்பில் வைப்பது; அதில் சுற்றுவது எதுவும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் திறக்கும்போது நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரி சிதறிய படிப்புதான். அதனால்தான் வேறு எதையும் தொடாமல் எஸ்எஸ்டி மட்டும் மாற்றிக் கொடுத்தாலே, "இது என் லேப்டாப்தானா" என்று கேட்கிறார்கள். கூடவே ரேமை 8 ஜிபி ஆக்கிவிட்டால் கணக்கு வேலைக்கு இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும்.

ஆனால் எல்லா லேப்டாப்பிலும் ரேம் கூட்ட முடியாது. மெலிதான மாடல்களில் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போய் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் பாருங்கள். எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் அந்த ரேம் பற்றவைத்தது. கூடுதலாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்பதைப் பின்மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கும்போதும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். 8 ஜிபி பற்றவைத்து, ஸ்லாட்டே இல்லாத லேப்டாப் என்ன விலைக்கு வந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் எட்டாம் ஜெனரேஷனும் அதற்குப் பிறகு வந்தவையும், ஏஎம்டி லேப்டாப் என்றால் பெரும்பாலும் ரைசன் 3000 வரிசையும் அதற்குப் பிறகு வந்தவையும் வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல்லில் ஜெனரேஷன் தெரிய ப்ராசஸர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200யு என்றால் ஏழு, 8250யு என்றால் எட்டு, 1135ஜி7 என்றால் பதினொன்று. இந்தக் கணக்கில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. எட்டாம் ஜெனரேஷன் வைத்திருந்தும் "உங்கள் கம்ப்யூட்டரில் போட முடியாது" என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸில், டிபிஎம் அணைந்து கிடக்கும், போட்டுவிட்டால் போதும்.

ஏழு அல்லது அதற்கும் கீழே என்றால் அதில் பெரிதாகப் பணம் போடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இலவசமாகவே கிடைக்கும். அதற்குள் வேறு மெஷினுக்கு மாறிக்கொள்ளுங்கள். கம்பம் பக்கத்து வீடுகளில் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா லேப்டாப்கள் இன்னும் இருக்கின்றன. அக்கா படித்தது, தங்கை படித்தது என்று ஒரு பாசம் இருக்கும். பாசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தட்டச்சு பழகலாம். நெட் பேங்கிங் மட்டும் அதில் வேண்டாம்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கே லேப்டாப்பை அதிகம் கொல்வது ஈரமும் இடியும். ஜூன், ஜூலையில் மூடி வைத்த லேப்டாப்பின் உள்ளே பச்சை பிடித்துவிடும். தினம் கொஞ்ச நேரமாவது ஓடினால் அந்தச் சூட்டில் காயும். இடுக்கியில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி விழாத நாள் குறைவு. சார்ஜரோடு நெட் கேபிளையும் பிடுங்கி வையுங்கள், பல மதர்போர்டுகள் கெட்டுப்போவது நெட் கேபிள் வழியாக வரும் இடியால்தான். போர்டு போய்விட்டால் அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் லேப்டாப் என்ன விலை என்று விசாரியுங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் எனக்கு வரும் கூலி போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். டச்பேடு மேலே எழும்பி நின்றால் பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சரி, புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. காத்திருக்கலாமா?

புது ப்ராசஸர்கள் பெரும்பாலும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியில் அறிவிக்கப்படும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா சீரிஸ் 3 வரிசை 2026 ஜனவரியில் அப்படித்தான் வந்தது. அவை முதலில் உட்காருவது விலை கூடிய லேப்டாப்களில். நாற்பது, ஐம்பதாயிரம் பட்ஜெட்காரர் காத்திருந்தால் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய சரக்கு, புதுப் பெயரில். ரைசன் 5 7520யு 2022-ல் வந்தது. பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, உள்ளே இருப்பது 2019-ல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பு. ஒரே ஒரு இலக்கம் தள்ளி 7530யு என்று வாங்கினால் அதற்கு அடுத்த வடிவமைப்பான ஜென் 3. இன்டெல் 2024-ல் விட்ட கோர் 5 120யு-வும் பதின்மூன்றாம் ஜெனரேஷனுக்குப் புதுச் சட்டை போட்டதுதான். 'நியூ மாடல்' ஸ்டிக்கரை நம்பி ஆறு மாதம் காத்திருந்து இதைத்தான் வாங்குகிறார்கள்.

காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கும் இப்போது சரியாக வரவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போகப் போக, 2025 கடைசியில் இருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிவிட்டது. கடைகளில் வருஷக்கணக்காக விற்ற க்ரூஷியல் ரேமை, நுகர்வோருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 16 ஜிபி வேண்டும் என்றால் லேப்டாப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது முன்பு நல்ல யோசனை.

காத்திருப்பதில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. பையன் பொறியியல் சேரப்போகிறான், எந்தப் பிரிவு என்று இன்னும் தெரியாது என்றால் அட்மிஷன் முடியும் வரை பொறுங்கள். சிவிலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் ஒரே லேப்டாப் தேவைப்படாது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலேயே பலருக்குப் படிப்பு முடிந்துவிடும். வீடியோ எடிட்டிங்கில் சம்பாதிப்பவர், கையில் ஓடுகிற மெஷின் இருந்தால், புதுசு வந்ததும் பழைய மாடலுக்கு விழும் தள்ளுபடியைப் பிடிக்கலாம். கையில் ஓடுகிற மெஷின் இல்லாதவர் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு வேலை நஷ்டம்.

அப்புறம், எல்லை தாண்டி வாங்கும் விஷயம். கேரளத்தில் வெள்ளத்துக்குப் பிறகு 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை 1 சதவீத வெள்ள வரி இருந்தது, அதனால் அப்போது மலை இறங்கிக் கம்பத்தில் வாங்கியதில் அர்த்தம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்தான், ஆஃபரை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஆனால் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். குமுளியிலோ கட்டப்பனையிலோ வாங்கி, பில்லில் கேரள எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி என்று விழுந்துவிட்டால் அந்த வரியை உங்கள் கணக்கில் கிரெடிட் எடுக்க முடியாது. வாங்கும் முன்பே ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்கே ஆள் வருவார் என்று பெட்டியில் போட்டிருக்கும், மலை மேல் இருக்கும் சில இடங்களுக்கு வரமாட்டார்கள். உங்கள் பின்கோடுக்கு அந்த வசதி உண்டா என்று கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.